பாய் கை வைத்த பதினோரு போல்ட்

ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸில் போல்ட் முடுக்குவதைப் பற்றிச் சொல்லுங்கள் என்று இந்த வகுப்புக்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். எந்த போல்ட்டுக்கு எவ்வளவு இறுக்கம் என்பது உங்கள் புத்தகத்தில் இருக்கிறது, செல்போனிலும் இருக்கிறது. இப்போது வருகிற ரெஞ்ச், கணக்கு வந்ததும் தானே கீச்சென்று கத்துகிறது. அதனால் அதை நான் சொல்லப்போவதில்லை. கணக்கு நன்றாகத் தெரிந்த ஒரு ஆள், கையில் சரியான ரெஞ்சும் வைத்திருந்த ஆள், ஒரு வண்டியை எப்படிக் கெடுத்தான் என்று சொல்கிறேன். அந்த ஆள் நான்தான்.

இடையில் நான் எழுந்து நடந்தால் கண்டுகொள்ளாதீர்கள். எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. கேஸ் சிலிண்டரை மூடினேனா என்று மூன்று தடவை போய்ப் பார்க்கிற ஜென்மம். பம்பரத்துக்காவது சாட்டை வேண்டும், உங்களுக்கு அதுவும் வேண்டாம் என்பாள் என் மனைவி. பிறவியிலேயே வந்த குணம் இல்லை இது. ஒரு ஞாயிற்றுக்கிழமையில் பிடித்துக்கொண்டது, இன்னும் விடவில்லை.

எண்பதுகளின் நடுவில் நடந்தது. செம்பூரில் ஒரு பாயின் ஒர்க்‌ஷாப்பில் நான் மெக்கானிக். பாய் தென்காசிப் பக்கத்துக்காரர். டேங்கர் லாரிகளில் க்ளீனராக ஆரம்பித்து, தானே லாரி வேலை கற்று, சொந்தமாக ஷெட் போட்டவர். வீடு தாராவியில், எங்கள் சந்திலிருந்து நாலு சந்து தள்ளி. என்னைக் கல்ஃபுக்கு அனுப்ப ஏஜென்ட் தேடிக் கொடுத்ததும் அவர்தான். மூன்று வருஷம் கழித்து நான் திரும்பி வந்தபோது ஒரு வார்த்தை கேட்காமல் பழைய கொக்கியிலேயே என் சட்டையை மாட்டச் சொன்னதும் அவர்தான். கல்ஃபில் நான் கற்றது ஆட்டோமேட்டிக் வண்டி. அங்கிருந்து மற்றவர்கள் டேப் ரெக்கார்டர் கொண்டுவந்தார்கள். நான் துண்டில் சுற்றி, வேண்டிய இறுக்கம் வந்ததும் 'டிக்' என்கிற ஒரு சின்ன டார்க் ரெஞ்ச் கொண்டுவந்தேன். வீட்டில் அதற்கு வாங்கிய ஏச்சைச் சொன்னால் இந்த வகுப்பு முடியாது.

பாயிடம் ஒரு வழக்கம் இருந்தது. எந்த வண்டியாக இருந்தாலும், யார் வேலை செய்திருந்தாலும், வெளியே போகும் முன் பாய் வந்து பிஸ்மில்லா சொல்லி, கடைசியாக முடுக்கிய போல்ட்டுகள் ஒவ்வொன்றையும் தன் நீள ஸ்பேனரால், எங்கள் பேச்சில் பானாவால், ஒரு இழுப்பு இழுப்பார். அதற்கு 'கை வைப்பது' என்று பெயர். பாய் கை வைத்த வண்டி வழியில் நிற்காது என்று டிரைவர்கள் நம்பினார்கள். அந்த இழுப்பு விழாமல் சாவியை வாங்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிடுகிற சர்தார் டிரைவரையெல்லாம் நான் பார்த்திருக்கிறேன். நாங்களும் நம்பினோம். லாரியின் இரும்புக்கு அந்த இழுப்பு ஒன்றும் செய்யாது. பத்தில் ஒரு தடவை தளர்ந்த போல்ட் ஒன்று அதில் மாட்டவும் மாட்டும்.

ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் வேறு ஜாதி. உங்களுக்குத் தெரிந்ததுதான், இன்று காலை புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். கிளட்ச் மிதிக்கிற வேலையையும் கியர் மாற்றுகிற வேலையையும் அதற்குள் எண்ணெய் செய்கிறது. எந்த எண்ணெய் எந்த வழியாகப் போகவேண்டும் என்று முடிவு செய்வது வால்வ் பாடி. உள்ளே சந்துபொந்தாக வழிகள் வெட்டிய ஓர் அலுமினியக் கட்டி அது. அதில் விரல் தண்டி வால்வுகள் முன்னும் பின்னும் வழுக்கும். ஒரு முடி அளவுக்கு அந்தக் கட்டி கோணினாலும் வால்வ் மாட்டிக்கொள்ளும். அதைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளுக்கு வேண்டிய இறுக்கம் லாரிக் கணக்கில் ஒன்றுமே இல்லை. இருபது பேர் சாப்பாட்டுக்குப் போடுகிற உப்பை ஒரு கிண்ணம் ரசத்தில் போட்டால் என்ன ஆகுமோ, லாரிக் கையை அங்கே வைத்தால் அதுதான் ஆகும்.

வண்டி ஒரு டீச்சருடையது. மாட்டுங்காவில், கிங்ஸ் சர்க்கிளுக்குப் பக்கத்துத் தெருவில் வீடு. செம்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்தார். சின்ன வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிவிட்டது. கிளட்ச் மிதிக்க அந்தக் காலால் ஆகாது. வெளிநாட்டிலிருந்து திரும்பிய அவருடைய அண்ணன் விட்டுப்போன பழைய அமெரிக்கக் கார் ஒன்று ஆட்டோமேட்டிக்காக அமைந்தது. வலது காலே போதும். அந்த வண்டியில்தான் எட்டு வருஷமாகப் பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்தார். அதற்கு முன் பஸ் படியில் விழுந்து இரண்டு தடவை எலும்பு முறிந்திருந்தது.

எங்களிடம் வருவதற்கு மூன்று வாரம் முன்பு சயனில் ஒரு சிக்னலில் வண்டி திடீரென்று குதித்து, முன்னால் நின்ற கைவண்டியில் இடித்துவிட்டது. யாருக்கும் அடி இல்லை. ஆனால் போலீஸ்காரர் காலைப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டு போனார். லைசென்ஸ் ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது, இதே வண்டியில் திங்கட்கிழமை வந்து ஓட்டிக்காட்ட வேண்டும் என்று.

"குதிச்சது வண்டியா, என் காலான்னு அவாளுக்கு சந்தேகம்," என்றார் டீச்சர். "திங்கட்கிழமை வண்டி ஒரு தடவை குதிச்சாலும் காலுன்னு எழுதிடுவா. லைசென்ஸ் போச்சுன்னா வேலையும் போச்சு. வேற எப்படி நான் செம்பூர் வர்றது?"

இதைச் சொல்லிவிட்டு அவர் பாயைப் பார்த்துக் கேட்டது ஒன்றுதான். நீங்கள் கை வைத்தால் வண்டி நிற்காது என்று எங்கள் தெரு டாக்ஸிக்காரர் சொன்னார், வைப்பீர்களா என்றார். பாய்க்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

வேலையை நான் செய்தேன். வால்வ் பாடியைக் கழற்றினேன். பழைய எண்ணெயின் கசடு வால்வுகளில் அப்பியிருந்தது. கழுவி, துடைத்து, ஒவ்வொரு வால்வும் தன் பாரத்திலேயே வழுக்கி விழுகிறதா என்று சாய்த்துப் பார்த்து, திரும்ப ஏற்றினேன். மொத்தம் பதினோரு போல்ட். நடுவிலிருந்து ஆரம்பித்து வெளியே வரவேண்டும், இரண்டு சுற்றாக. என் சின்ன ரெஞ்ச் பதினோரு தடவை 'டிக்' என்றது. சனிக்கிழமை மத்தியானம் அது. கீழே எண்ணெய் தேங்குகிற தொட்டியை, சேம்பரை, மாட்டி மூடுவதுதான் பாக்கி. கை கழுவப் போனேன்.

திரும்பி வந்தபோது பாய் வண்டிக்கு அடியில் குழிக்குள் நின்றிருந்தார். கையில் அந்த நீளப் பானா. நான் குழிக்கு மேலே வந்து நின்றபோது ஏழெட்டு போல்ட் முடிந்திருந்தது. மிச்சத்தையும் என் கண் முன்னால் இழுத்தார். கடைசி போல்ட்டில் ஒரு கிறீச்சல் கேட்டது.

"கை வச்சிட்டேம்ல அந்தோணி," என்றார். "மூடிரு."

நான் மூடினேன்.

ஏன் என்று கேட்பீர்கள். நானே என்னை ஆயிரம் தடவை கேட்டுவிட்டேன். பாயின் பானாவுக்குக் குறுக்கே பேசுகிற பழக்கம் அந்த ஷெட்டில் யாருக்கும் கிடையாது. டீச்சர் வேறு வாசலில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார், அவர் முன்னால் எப்படிச் சொல்வது? இன்னொரு காரணமும் உண்டு, அதுதான் அசிங்கமானது. கல்ஃப் போய் வந்த கர்வம் என்று நினைத்துவிடுவாரோ என்று பயந்தேன். இவ்வளவும் மூன்று நொடியில் மனசில் ஓடியது. சேம்பரைத் தூக்கிப் பிடித்து, பேக்கிங் வைத்து, அடைத்து, எண்ணெய் ஊற்றிவிட்டேன்.

ட்ரையல் பார்த்தோம். செம்பூர் நாக்கா சந்திப்பு வரை போய் வந்தோம், வெண்ணெய் மாதிரி ஓடியது. எண்ணெய் சூடேறாத வண்டி அப்படித்தான் ஓடும். டீச்சர் தானே ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். பாய் கையை ஆட்டி வழியனுப்பினார்.

சனிக்கிழமை இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை சர்ச்சில் பூசைக்குப் போனேன். சாமியார் என்ன பிரசங்கம் வைத்தார் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. என் காதில் அந்தக் கிறீச்சல் மட்டும்தான். எழுந்து வெளியே போனேன், உள்ளே வந்தேன், திரும்ப வெளியே போனேன். என்னதான் ஆச்சு உங்களுக்கு என்று மனைவி கேட்டாள். கோயில் வாசலிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்கு வால்வும் தெரியாது, பாடியும் தெரியாது. பூசை முடிகிற வரை இங்கே நின்று என்ன செய்யப்போகிறீர்கள், அந்த அம்மா வீடு எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டாள்.

பதினொரு மணிக்கு மாட்டுங்கா வீட்டு வாசலில் நின்றேன். டீச்சர் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தார். வண்டியை இன்னும் ஒரு தடவை நன்றாகச் சூடேற்றிப் பார்க்க வேண்டும், நீங்களே ஓட்டுங்கள் என்றேன். ஏன் என்று கேட்டார். சந்தேகம் இருக்கிறது என்றேன். என்ன சந்தேகம் என்று கேட்டார். ஓட்டிப் பார்த்த பிறகு சொல்கிறேன் என்றேன். என்னை ஒரு நிமிஷம் பார்த்தார், விடைத்தாளின் கடைசிப் பக்கத்தில் ஒன்றும் எழுதாத பையனைப் பார்ப்பதுபோல. பிறகு சாவியை எடுத்தார்.

கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றி, சயன் போய், திரும்பி, தாதர் வரை போய், மறுபடி சயன். நல்ல வெயில். முக்கால் மணி நேரம் ஒன்றும் இல்லை. நான்தான் மடையன், பாய் கை பட்டால் ஒன்றும் ஆகாது என்று மனசு ஆறத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்து, முதலில் அவர் கைவண்டியை இடித்த அதே சிக்னலில் நின்று கிளம்பும்போது, வண்டி மேல் கியரிலேயே ஒட்டிக்கொண்டு முனகியது. பிறகு சட்டென்று கீழ் கியருக்கு இறங்கிக் குதித்தது. டீச்சர் பிரேக்கை மிதித்துவிட்டார். முன்னால் ஸ்கூட்டரில் ஒரு குடும்பம் இருந்தது, ஒரு முழம் இடைவெளி.

ஓரமாக நிறுத்தினார். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன், பாயின் இழுப்பு, கிறீச்சல், நான் மூடியது எல்லாம். அவர் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். திட்டவில்லை.

"நேத்தே உங்களுக்குத் தெரியும்," என்றார். "தெரிஞ்சும் என்கிட்ட சாவியைக் கொடுத்தேள்."



வண்டியை மெல்ல ஓட்டி ஒர்க்‌ஷாப் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினோம். பூட்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் சாவி பாய் வீட்டில். டீச்சரை எதிரே இருந்த உடுப்பி ஹோட்டலில் உட்காரவைத்துவிட்டு டாக்ஸி பிடித்தேன். செம்பூரிலிருந்து தாராவி போவதற்குள் மூன்று பொய் தயார் செய்தேன். எண்ணெய் மட்டம் என்று சொல்லலாம். பழைய கசடு கொஞ்சம் மிச்சம் என்று சொல்லலாம். அமெரிக்க வண்டியே இப்படித்தான் என்று சொல்லலாம். எதைச் சொன்னாலும் பாய் சாவியைக் கொடுத்துவிடுவார், நான் தனியாகப் போய்ச் சரிசெய்துவிடலாம், அவருக்குத் தெரியவே வேண்டாம். மரியாதை என்று நாம் சொல்கிற பாதி விஷயம் இப்படித்தான் இருக்கிறது, தம்பிகளா.

பாய் சாப்பிட உட்கார்ந்திருந்தார். கறிச் சோறு. என்னைப் பார்த்ததும் இன்னொரு தட்டு வைக்கச் சொன்னார். வேண்டாம் பாய் என்றேன். உட்காருல, தின்னுட்டுப் பேசு என்றார். என்னால் உட்கார முடியவில்லை. அவர் சோற்றில் கை வைத்துவிட்டு அந்தப் பேச்சைப் பேசவும் முடியாது. நின்றுகொண்டே, டீச்சர் வண்டி சூட்டில் வால்வ் மாட்டுகிறது பாய் என்றேன்.

நீ கழுவிப் பார்த்தபோது விழுந்ததே, இப்போது ஏன் மாட்டுகிறது என்று கேட்டார். லாரிக்காரர்தான், ஆனால் கேட்கவேண்டிய கேள்வியை விடமாட்டார். தயார் செய்த மூன்று பொய்யும் தொண்டை வரை வந்தன. நீங்கள் இழுத்த இழுப்பில் கோணிவிட்டது பாய் என்று சொல்லிவிட்டேன். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது.

பாய் தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தார். கை கழுவினார். துண்டில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"நான் கை வைக்கும்போது நீ எங்கல நின்ன?"

"குழிக்கு மேலதான் பாய்."

"பாத்துக்கிட்டா நின்ன?"

"ஆமா பாய்."

"ஏலே, என் கை லாரிக் கை. அதுக்கு என்ன தெரியும். எல்லாம் தெரிஞ்ச உன் வாய்க்கு என்ன கேடு?"

சட்டையை மாட்டிக்கொண்டு சாவியை எடுத்து, எனக்கு முன்னால் தெருவில் இறங்கிவிட்டார்.

இரண்டரை மணிக்குச் சேம்பரைத் திறந்தோம். எண்ணெய் கையைச் சுட்டது, ஆறும் வரை காத்திருக்க நேரம் இல்லை. போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினேன். பத்து அடங்காப்பிடாரியாக வந்தாலும் முழுசாக வந்தன. பதினோராவது, அந்தக் கிறீச்சல் கேட்டதே, அது சுகமாகச் சுழன்று வெளியே வந்தது. அதன் புரிகளில் வெள்ளை வெள்ளையாக அலுமினியம் சுற்றியிருந்தது. கியர் பாக்ஸ் உடம்பில் வெட்டியிருந்த புரியே பெயர்ந்து போல்ட்டோடு வந்துவிட்டது. அந்த ஓட்டையில் இனி அந்த போல்ட் பிடிக்காது.

வால்வ் பாடியை மேஜையில் வைத்துச் சாய்த்தேன். மாட்டிக்கொண்டிருந்த வால்வ் தானாக வழுக்கி என் உள்ளங்கையில் விழுந்தது. பாய் அதை வாங்கி உள்ளே போட்டு, தானே சாய்த்துப் பார்த்தார். மறுபடி விழுந்தது. இன்னொரு தடவை பார்த்தார். என்னிடம் திருப்பிக் கொடுத்தார். கட்டி நிரந்தரமாகக் கோணவில்லை, பிடித்த பிடியில்தான் கோணியிருந்தது, அந்த மட்டும் தப்பித்தோம்.

டீச்சர் வாசல் ஸ்டூலில் உட்கார்ந்து மடியில் பேப்பர் கட்டை வைத்துக்கொண்டு திருத்திக்கொண்டிருந்தார். இந்தத் தடவை அவரிடம் மறைக்கவில்லை. பத்து போல்ட் சரி, ஒன்றுக்குப் பிடி இல்லை என்று நேராகப் போய்ச் சொன்னேன். சிவப்புப் பேனாவை மூடினார்.

"பதினோரு கணக்குல பத்து சரியாப் போட்டா, தொண்ணூறு மார்க் போட்டு வெரி குட்னு எழுதுவேன். இங்க எப்படி?"

"இங்க முட்டை டீச்சர்."

அப்படியானால் அந்த ஒன்றுக்கு வழி பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் பேனாவைத் திறந்தார். தேதியைத் தள்ளிக் கேட்கலாமே என்று பாய் தயங்கித் தயங்கிச் சொன்னார். வண்டி குதிக்கிறதென்று பயந்து வரவில்லை என்று எழுதுவார்கள், வேண்டாம் என்றார் டீச்சர்.

ஓட்டைக்குள் ஒரு கம்பியை விட்டு, நகத்தால் அடையாளம் பிடித்து அளந்தேன். பழைய போல்ட் போய் நின்ற இடத்துக்கு அப்பாலும் ஆழம் இருந்தது. அடியில் நாலைந்து புரி கன்னி கழியாமல் இருந்தது. நீளமான போல்ட் கிடைத்தால் அந்த நாலைந்து புரியைப் பிடிக்கலாம். அங்குலக் கணக்குப் புரி, நம் ஊர் வண்டியில் வராதது. ஞாயிற்றுக்கிழமை ஸ்பேர் பார்ட்ஸ் கடை ஏது? நான் வாயைத் திறப்பதற்குள் பாய் பழைய போல்ட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். வெள்ளிக்கிழமை மூடி ஞாயிற்றுக்கிழமை திறக்கிற பழைய இரும்புக் கடைகள் தாராவியில் எத்தனை என்று அவருக்குத்தான் தெரியும்.

அவர் போயிருந்த ஒன்றரை மணி நேரம் நான் உட்கார்ந்ததாக நினைவில்லை. குழிக்கும் வாசலுக்கும் நடந்தேன். கழுவிய வால்வுகளையே திரும்பக் கழுவினேன். டீச்சர் தலை தூக்காமலே, நீங்கள் நடந்தால் எனக்குக் கூட்டல் தப்பாகிறது என்றார். குழிக்குள் இறங்கி அங்கே நடந்தேன்.

பாய் ஒரு கை நிறைய போல்ட்டோடு வந்தார். பழையதையும் புதியதையும் ஒட்டிப்பிடித்து, புரியோடு புரி பொருந்துகிறதா என்று வெளிச்சத்தில் பார்த்தோம். ஆறு பொருந்தவில்லை, இடையில் வெளிச்சம் தெரிந்தது. ஏழாவது, பல்லோடு பல் கடித்த மாதிரி உட்கார்ந்தது. இரண்டு புரி நீளம் அதிகம். அறுத்து, நுனியை அரம் போட்டேன். நீளம் மிச்சமிருந்தால் அடியில் போய் முட்டி நின்றுகொண்டு, இறுகிவிட்டேன் என்று ரெஞ்சிடம் பொய் சொல்லும்.

வால்வ் பாடியை ஏற்றினேன். நடுவிலிருந்து ஆரம்பித்தேன். ஒவ்வொன்றும் டிக் என்றதும் எண்ணை வாய்விட்டுச் சொன்னேன். பாய் குழியின் படியில் நின்றார். பத்து முடிந்தது. கையைத் துடைத்துக்கொண்டு பதினோராவதுக்கு ரெஞ்சை வைத்தேன். புதுப் புரி பிடித்தால் ரெஞ்ச் கனக்கும். பெயர்ந்தால் கை இளகும், அதற்குப் பிறகு அந்த வண்டிக்கு அன்று மருந்து இல்லை. மெல்ல இழுத்தேன். கனத்தது. இன்னும் கொஞ்சம். டிக்.

பதினொன்று என்றேன். டீச்சர் வாசலில் பேப்பர் புரட்டுவதை நிறுத்தியிருந்தார் என்று அப்போதுதான் தெரிந்தது.

பாய் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தார். பத்து வருஷத்தில் அவரை அப்படி நான் பார்த்ததில்லை.

"இப்ப நான் கை வைக்கட்டுமா?"

என்னைச் சோதிக்கக் கேட்டாரா, மனசு கேட்காமல்தான் கேட்டாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. மத்தியானம் அவர் வீட்டில் உண்மையைச் சொன்னதைவிட இது கஷ்டமாக இருந்தது. அது நடந்துபோன தப்பு. இது அவர் முகத்துக்கு நேரே, கேட்டதற்கு மறுப்பு.

"வேண்டாம் பாய்," என்றேன்.

தலையை ஆட்டினார். சேம்பரை அவரே தூக்கிக் கொடுத்தார்.

சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் ஓட்டினோம், டீச்சர்தான் ஓட்டினார். வேண்டுமென்றே நெரிசலில் போனோம், நின்றோம், கிளம்பினோம், ஏற்றத்தில் பின்னால் எடுத்தோம். பானெட்டைத் தொட முடியாத சூடு. ஒரு தடவைகூடக் குதிக்கவில்லை. எனக்குத்தான் ஒவ்வொரு சிக்னலிலும் உயிர் குதித்தது.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு டீச்சர் லைசென்ஸ் ஆபீஸ் போனார். நான் கேட்டுக்கு வெளியே நின்றேன். வரிசையில் வண்டியை ஒரு மணி நேரம் எஞ்சின் ஓடியபடியே வெயிலில் நிறுத்திவைத்தார்கள். இன்ஸ்பெக்டர் ஏறும்போது டீச்சரின் காலைப் பார்த்துக்கொண்டே ஏறினார். ஒரு சுற்று போனார்கள். நாலு இடத்தில் நிறுத்தச் சொன்னார். சரிவில் பின்னால் எடுக்கச் சொன்னார். தூரத்திலிருந்து எனக்கு வண்டியின் மூக்கு மட்டும் தெரிந்தது. அது ஒவ்வொரு தடவையும் அலுங்காமல் நகர்ந்தது. இறங்கும்போது இன்ஸ்பெக்டர் காலைப் பார்க்கவில்லை. பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

அந்த வாரத்திலிருந்து ஷெட்டில் புதுச் சட்டம் வந்தது, பாயே போட்டது. ஆட்டோமேட்டிக் பாக்ஸில் முடுக்கியவன் தன் போல்ட்டின் தலையில் மஞ்சள் பெயின்ட் ஒரு பொட்டு வைக்க வேண்டும். பொட்டு வைத்ததில் வேறு யாரும், பாய் உள்பட, கை வைக்கக் கூடாது. யாராவது வைத்ததைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தவனுக்குத்தான் ஏச்சு, வைத்தவனுக்கு இல்லை. உங்கள் ரெஞ்ச் கணக்கு மீறினால் கத்தும். பக்கத்தில் நிற்கிறவனின் பானாவைப் பார்த்து அது கத்தாது. அதற்கு உங்களுக்கு ஒரு வாய் கொடுத்திருக்கிறது.

அந்தத் திங்கட்கிழமை லைசென்ஸ் ஆபீஸிலிருந்து டீச்சர் நேரே எங்கள் ஷெட்டுக்குத்தான் வண்டியை விட்டார். பக்கத்து சீட்டில் நான். பாய் உள்ளேயிருந்து வந்தார். டீச்சர் ஜன்னல் கண்ணாடியை இறக்கி லைசென்ஸை எடுத்துக் காட்டினார். பாய் அதைத் தொடாமல், குனிந்து பார்த்தார். பிறகு வண்டியைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்தார். கையைத் தூக்கினார், அப்படியே நிறுத்திக்கொண்டு முன் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்.

"ஏலே அந்தோணி, பானெட்ல வைக்கலாம்லா?"

வைங்க பாய் என்றேன். பிஸ்மில்லா என்று சொல்லி, அந்தச் சூட்டில், உள்ளங்கை முழுவதும் படும்படி வைத்தார்.